ஒரு வாளி கடன் மண்

பங்கா தீவின் வரைபடத்தில்
இந்த இடத்துக்குப் பெயர் இல்லை.
தகரம் எடுத்தவர்கள் எண் வைத்தார்கள்:
பதினேழாம் குழி.
அதற்கு முன் மிளகுத் தோட்டமாம்.
குழி இப்போது குளம்.
நீர் பச்சையா நீலமா என்று கேட்டால்
ஈயம் பூசினாற்போலும் பூசாதது போலும் என்றுதான்
சொல்ல வேண்டியிருக்கிறது.
மீன் கிடையாது.

கரையெல்லாம் கழுவிக் கொட்டிய மணல்.
உப்பின் வெள்ளை,
உப்புக்குள்ள ருசிகூட இல்லை.
பெய்கிற மழையைக் கையில் வாங்காமல்
அப்படியே கீழே விட்டுவிடும்.
உச்சி வெயிலில் ஆடும் கால் வைக்காது.

யுலினார் இங்கேதான்
இடுப்பளவு நீரில் நின்று
மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றிக்
கறுப்புக் குறுணை பொறுக்கினாள்,
பதினோரு வருடம்.
மணல் வெளியே போகும், கனமானது நிற்கும்.
ஆட்களையும் அவளுக்கு
அப்படித்தான் எடைபோடத் தெரியும்.

பூனைக்காலி விதை கொடுத்தவள்
எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குக்
கூலிக்குப் போகும் சுய் மொய்.
ரப்பர் காலணிக்குள் ஒளித்து இரண்டு பிடி.
திருட்டு விதை நன்றாய் முளைக்கும் என்றாள்.

முளைத்தது.
நாலாம் இலையில் மஞ்சளித்து
பத்தாம் நாள் சுருண்டது.
மறுபடி போட்டாள். மறுபடியும்.
விதையில் குறையில்லை, அதற்குத் துணையில்லை
என்று கண்டுபிடித்ததும் சுய் மொய்தான்:
தோட்டத்தில் கொடிக்கடியில் மண் கறுப்பு,
அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்,
அந்தக் கூட்டம் கூட இல்லாவிட்டால்
இந்தக் கொடி தனக்கென்று
உலை வைத்துக்கொள்ளாது.

அடுத்த சம்பள நாளில்
மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து
ஒரு வாளி மண் வந்தது,
தலையில் ஈரச் சாக்கு போர்த்தி,
பள்ளம் பள்ளமாய் மெதுவாக.
குழிக்கு ஒரு கரண்டி.
சாம்பல், கோழி எச்சம், பிறகு விதை.

கொடி அவசரப்படவில்லை.
முதலில் ஒரு சாண்.
பிறகு ஒருநாள்
அவள் கழற்றிப்போட்ட செருப்பின் மேல் ஏறியிருந்தது.
மழை விடுவதற்குள்
உடைந்த குழாய், துருவேறிய சல்லடை, டீசல் பீப்பாய்
எல்லாவற்றையும் போர்த்திவிட்டது,
விருந்தாளி படியேறும்போது
அழுக்குத் துணியை மூடுகிற மாதிரி.

தகரம் விலை ஏறியது
காய் முற்றிய மாதத்தில்.

இரவில் பம்பு வந்தது.
கொழுந்தன் சர்பானி, கூட மூன்று பேர்.
விளக்கில்லை, சட்டையில்லை.
இருட்டில் கொடியை
நெஞ்சோடு வாரி வாரி இழுத்தார்கள்.

பூனைக்காலியின் காய்க்கு
பொன்னிறத்தில் சுணை உண்டு.

நடுச்சாமத்தில் யுலினார் கேட்டது
இயந்திரச் சத்தம் இல்லை.
நாலு ஆம்பிளைகள் குளத்தில் விழுந்து
ஒருத்தன் முதுகை ஒருத்தன் சொறிகிற சத்தம்.

விடிந்தபோது சர்பானி வாசலில் நின்றான்,
கண் வீங்கி, கை தடித்து.
அவள் எதுவும் கேட்கவில்லை.
அடுப்புச் சாம்பலைக் குழைத்து நீட்டினாள்.

“அண்ணி, உரிமத்தோடு பகலில் வருவார்கள்.
பெரிய இயந்திரம்.
அதற்குத் தோல் கிடையாது.”

மிரட்டல் இல்லை.
பம்பு வாடகைக்கு எடுத்தது, அவனுக்கும் கடன் இருக்கிறது.

அவள் மணலுக்குப் போய்
பிடுங்கிக் கிடந்த கொடியொன்றை எடுத்து
பழைய பழக்கத்தில்
தட்டில் போட்டு வேரைக் கழுவினாள்.
மணல் போனது.
நின்றவை குறுணைகள்,
ஆனால் கனமே இல்லாதவை,
வேரைப் பிடித்துக்கொண்டு விடாதவை.
ஒன்றை நகத்தால் கீறினாள்.
உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்கும் குழந்தையின் ஈறு.

வெகுநேரம் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
குளத்தில் ஒரு பறவை இறங்கி, யோசித்து, எழுந்து போனது.

பிறகு இலைச்சருகை விலக்கினாள்.
கட்டைவிரல் ஆழத்துக்குக் கறுப்பு.
சுரண்டிச் சுரண்டி வாளியை நிரப்பினாள்.

“இது யாருக்கு?”
“பதினெட்டாம் குழிக்கு. தூக்கு.”

வலக்கை சொறிந்துகொண்டிருந்ததால்
இடக்கையால் தூக்கினான் சர்பானி.